யாரும் சொல்லாமல் வாருங்கள்

ஆயக்குடி
12.12.2024

மச்சானுக்கு,

ஸலாம். ஒடிந்தது இடது கை என்பதால் எழுத முடிகிறது. வலது கையாக இருந்திருந்தால் இந்தத் திட்டெல்லாம் உங்களுக்குக் கிடைக்காமலே போயிருக்கும்.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நஸீரா மதினி கேட்பார். போனில் கூப்பிட்டால் எடுப்பீர்கள். சாப்பிட்டீர்களா என்றால் "ம்" என்பீர்கள். மருந்து போட்டீர்களா என்றால் "ம்". என்னைத் தேடுகிறதா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டால் அதற்கும் ஒரு "ம்". உங்கள் அக்கா, மதினிக்கு அது தம்பியின் குரல், கேட்டால் சந்தோஷம். எனக்குக் காது புளித்துவிட்டது. கடிதமென்றால் நீங்களே உட்கார்ந்து, நீங்களே யோசித்து, முதல் சொல்லை நீங்களே எடுக்கவேண்டும். எடுக்கிறீர்களா என்று பார்க்கத்தான் இந்த வேலை.

கொல்லையில் நான் வழுக்கி விழுந்த இடத்துக்கும் உங்கள் நாற்காலிக்கும் நடுவில் ஒரு வாளி வைக்கக்கூட இடம் கிடையாது. நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வலியில் உயிர் போனது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. இவராக எழுந்து வருகிறாரா பார்ப்போம் என்று வீம்பு. ஈரத் தரையில் கிடந்தபடி உங்கள் முகத்தையே பார்த்தேன். நீங்கள் அசையவில்லை. கடைசியில் "தூக்குங்களேன்"னு நான்தான் கத்தினேன். கத்தியதும் எப்படி எழுந்தீர்கள்! பச்சைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரியில் என் தலையைத் தோளில் சாய்த்து, நழுவிய முக்காட்டைச் சரிசெய்து, நர்சிடம் "மெதுவாம்மா, மெதுவா"ன்னு கெஞ்சி... அவ்வளவு பிரியமும் உள்ளே இருந்ததா மச்சான்? இருந்தால் அது ஏன் என் கத்தலுக்காகக் காத்துக்கிடந்தது?

மாவுக்கட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்கள் பாருங்கள், அப்போதுதான் பையை எடுத்தேன். பஸ் ஏறும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வெட்கக்கேடு.

எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டால் புருஷன்தான் வரவேண்டும். ஆள் அனுப்பக்கூடாது. வந்து முன்னறையில் உட்கார்ந்து, கொடுக்கிற டீயைக் குடித்து, எல்லார் முன்னாலும் கூப்பிடவேண்டும். என் அக்கா வீட்டுக்காரர் ஊர் முழுக்கச் சண்டை போடுகிற மனிதர். அவரே ஒவ்வொரு தடவையும் வந்து பூனை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். நீங்களும் வாருங்கள். ஆனால் யாரும் சொல்லாமல் வாருங்கள். "அவரக் கெளப்பிவிட்டீங்கன்னா இந்த ஜென்மத்துக்கு உங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்"னு மதினியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

பதில் எழுதுங்கள்.

கமர்ஜஹான்


பேகம்பூர், திண்டுக்கல்
16.12.2024

கமருக்கு,

ஸலாம். பதில் எழுதுங்கள் என்று எழுதியிருந்தாய். எழுதுகிறேன்.

நீ விழுந்ததைப் பார்த்தேன். கை மடங்கியதையும் பார்த்தேன். வலிக்குமே என்று இருந்தது. தூக்கவேண்டும் என்றும் இருந்தது. அது இருந்தபடியே இருந்தது. முன்பெல்லாம் கடைக்குப் போகவேண்டும் என்று நினைத்தால், நினைத்து முடிப்பதற்குள் கால் செருப்பில் இருக்கும். இப்போது நினைப்பு வருகிறது, கொஞ்சநேரம் உட்கார்ந்திருக்கிறது, எழுந்து போய்விடுகிறது. நான் உட்கார்ந்தே இருக்கிறேன். இதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் இல்லாததுதான் உனக்குக் கோபம் என்று தெரியும்.

மதுரை டாக்டர் சொன்னதை எழுதுகிறேன். சொல்லும்போது நீ வெளியே அழுதுகொண்டிருந்தாய், கேட்கவில்லை. போன வருஷம் அடைமழையில் கல்யாண மண்டபத்து ஸ்டோர் ரூமில் ஷட்டரை இறக்கிவிட்டு பிரியாணிக்குத் தம் போட்டேன். மூடிமேல் கொட்டிய கங்கு நனையக்கூடாது என்று இறக்கினேன். அந்தக் கங்கிலிருந்து வருகிற விஷக்காற்றுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லையாம். அக்கா வீட்டுக்காரர் ஹக்கீம் மச்சான் ஷட்டரைத் தூக்கியபோது நான் அண்டாவுக்குப் பக்கத்தில் கிடந்தேன். பிழைத்தேன். கொஞ்சநாள் நன்றாகவும் இருந்தேன். அப்புறம்தான் இது வந்தது. மூளையின் அடியில் இரண்டு பக்கமும் சின்னதாக ஓர் இடம் இருக்கிறது, ஆசையைக் காலுக்கும் கைக்கும் அனுப்புகிற இடம், அது பட்டுப்போய்விட்டது என்றார். புத்தி போகவில்லை. ருசி போகவில்லை. பிரியமும் போகவில்லை என்றார்.

ஹக்கீம் மச்சான், "பேட்டரி இருக்கு, பெட்ரோல் இருக்கு, செல்ஃப் மட்டும் எடுக்கல. தள்ளிவிட்டா ஓடும். அம்புட்டுதானே டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டு ஆமாம் என்றார்.

கம்ப்யூட்டரில் ஒரு சோதனை வைத்தார்கள். ஒரு மயில், ஒரு வண்டி. மயிலைத் தொட்டால் மணி அடித்து மார்க் ஏறும். நன்றாகத் தொட்டேன். நடுவில் மாற்றிவிட்டார்கள், வண்டியைத் தொட்டால்தான் மணி. மாறிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கை மயிலுக்கே போனது. "மாறினது தெரிஞ்சுதா?" என்றார். தெரிந்தது என்றேன். "அப்பறம் ஏன் மாத்தல?" என்றார். நீயும் அதைத்தான் கேட்கிறாய்.

கடையில் அக்கா அரிசி களையச் சொன்னார். களைந்தேன். போதும் என்று சொல்ல மறந்துவிட்டார். சீரகச் சம்பா நொய்யாகிவிட்டது. அன்றைக்குக் கடையில் கஞ்சி.

ஒரு சந்தேகம். யாரும் சொல்லாமல் வாருங்கள் என்று எழுதியிருக்கிறாய். இப்போது நீயே சொல்லிவிட்டாய். இனிமேல் நான் வந்தால் அது சொல்லி வந்ததா, சொல்லாமல் வந்ததா? கிண்டலுக்குக் கேட்கவில்லை.

பக்கம் முடிந்துவிட்டது.

ஹஸ்ஸான்


ஆயக்குடி
19.12.2024

மச்சானுக்கு,

கிண்டலுக்குக் கேட்கவில்லையாம்! கிண்டலுக்குக் கேட்டிருந்தால் அந்த நிமிஷமே பஸ் ஏறியிருப்பேன். கிண்டல் செய்கிற மனிதனைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் பைக்கில் இங்கே வருவீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒட்டன்சத்திரம் தாண்டி இவ்வளவு தூரம், வெயிலில் முகம் கருத்துப்போய், எங்கள் அத்தாவின் கொய்யா மண்டி வாசலில் வந்து நிற்பீர்கள். "கடைக்குக் கொய்யாப்பழம் வேணும் மாமா." பிரியாணிக் கடைக்குக் கொய்யாப்பழம் எதற்கு என்று அத்தா ஒருநாளும் கேட்கவில்லை. ஒருதடவை காய்ப்பே இல்லாத மாசத்தில் வந்து நின்றீர்கள். பக்கத்துத் தோட்டத்து சிவனம்மாள் அக்கா, "ஏனுங்க மாப்ள, இந்த மாசத்துல மரத்துல எலைதானுங்க இருக்கு, எல வேணுமுங்களா?" என்று கேட்டு, ஊரே சிரித்தது. நீங்கள் ஒரு பை நிறைய இலையை வாங்கிக்கொண்டு போனீர்கள். அந்த மனிதரை எந்த டாக்டர் வரச் சொன்னார், எந்த வழக்கம் வரச் சொன்னது? உள்ளே எது அவரைக் கிளப்பியது?

டாக்டர் சொன்னதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. மூளையில் அடி என்றால் நொண்டியைப் போல, குருடைப் போல, கோபிக்க உரிமை இல்லை என்றாகிவிடுகிறது. ஒரு வருஷம் கோபிக்கவில்லை மச்சான். காலையில் எழுந்திருங்கள், பல் தேயுங்கள், சட்டை போடுங்கள், சாப்பிடுங்கள், போதும் நிறுத்துங்கள், படுங்கள். என் வாய் ஓய்ந்தால் அந்த வீட்டில் எதுவும் நடக்காது. என்னைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் கட்டிக்கொள்வீர்கள், நன்றாகவே கட்டிக்கொள்வீர்கள். சொல்லிவிட்டுக் கட்டிக்கொள்வது எப்படி இருக்கும் என்று ஒரு பெண்ணாக இருந்து பாருங்கள்.

இங்கேயும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மா உட்கார் உட்கார் என்கிறார். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். பைக் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன். உங்கள் பைக்கை ஹக்கீம் அண்ணன் விற்றுவிட்டார் என்று தெரிந்தும் பார்க்கிறேன். யாருக்கு மூளையில் அடி என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

இதற்குமேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

கமர்ஜஹான்


ஆயக்குடி
2.1.2025

மச்சானுக்கு,

ஒரு வரிகூட இல்லை. தபால்காரர் சூசைமுத்து அண்ணன் என்னைக் கண்டால் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார், பாவம்.

பக்ருதீன் அண்ணன் விஷயத்தைக் கையில் எடுத்துவிட்டான். அவன் கெட்டவன் இல்லை. தங்கச்சி ஒடிந்த கையோடு வந்து நின்றாள், மாப்பிள்ளை எட்டிப் பார்க்கவில்லை, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "மூளை சரியில்லாதவனோட ஒனக்கு என்ன வாழ்க்கை? வயசு இருக்கு, இன்னொரு எடம் பாப்போம்" என்கிறான். பதினேழாம் தேதி ஜும்மா முடிந்ததும் எங்கள் ஜமாஅத்தில் வைத்துப் பேசி, பிரிந்துபோக எழுதி வாங்கிவிடுவது என்று முடிவுசெய்திருக்கிறான். உங்கள் வீட்டுக்கும் ஆள் வரும். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

நான் எழுதியது கைக்குக் கிடைத்ததா இல்லையா, அதையாவது எழுதித் தொலையுங்கள்.

கமர்ஜஹான்


பேகம்பூர்
6.1.2025

கமருக்கு,

கிடைத்தது. இரண்டும் கிடைத்தன.

போன தடவை பதில் எழுதச் சொல்லி நீ எழுதவில்லை. படித்தேன். கொய்யா இலை விஷயம் படித்துச் சிரித்தேன். அக்கா உள்ளேயிருந்து வந்து, யாருடா சிரிச்சது என்று கேட்டார். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அப்புறம் அது பையில் இருந்தது.

புது மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போட ஆரம்பித்ததிலிருந்து காலுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. உட்கார்ந்தால் எழலாமா என்கிறது, எழுந்தால் எங்கே என்று தெரியவில்லை. டாக்டரிடம் அக்கா சொன்னார். கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம் என்றாராம்.

சனிக்கிழமை அக்காவும் மச்சானும் ஒரு கல்யாண ஆர்டருக்குப் போயிருந்தார்கள். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஆயக்குடிக்கு வரத்தான் போனேன். பழனி பஸ் நிற்கிற இடம் எனக்குத் தெரியும். அதைப் பார்த்துத்தான் நடந்தேன். வழியில் ஒரு கண்டக்டர் "வடமதுரை வடமதுரை வடமதுரை, வாங்கண்ணே ஏறுங்க, எடம் இருக்கு" என்று கூப்பிட்டார். ஏறினேன். இது எதிர்த்திசை என்று ஏறும்போதே தெரியும். பஸ் கிளம்பியபோதும் தெரியும். வடமதுரையில் "எறங்குங்கண்ணே" என்றார், இறங்கினேன். ஒரு டீக்கடைக்காரர் "வாங்க பாய், டீ சாப்புடுங்க" என்றார், குடித்தேன். பெருமாள் கோயிலுக்கு வந்த கூட்டத்தில் யாரோ ஒரு பெரியவர் "செத்த இந்தப் பையப் புடிங்க தம்பி" என்றார். பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வரும்வரை நின்றேன். வெகுநேரம் ஆயிற்று. அப்புறம் திண்டுக்கல் பஸ்காரர் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா அதற்குள் போலீஸ் ஸ்டேஷன் வரை போய்விட்டு வந்திருந்தார். நிறையத் திட்டினார்.

கிடைத்ததா என்று கேட்டிருந்தாய். அதற்கு இவ்வளவு எழுதியிருக்கவேண்டாம்.

ஹஸ்ஸான்


ஆயக்குடி
9.1.2025

மச்சானுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு முற்றத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மா பயந்துபோய், "என்னாச்சு கண்ணு, மௌத்துச் சேதியா?" என்றார். இல்லைம்மா, வடமதுரைக்குப் போயிருக்கிறார் என்றேன். வடமதுரைக்குப் போனதற்கா இந்த அழுகை என்று அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. உங்களைக் கூப்பிட்ட கண்டக்டர் மட்டும் என் கையில் கிடைத்தால்! பழனி பஸ்காரன் கொஞ்சம் தொண்டையைத் திறந்திருந்தால் என்ன?

உடனே மதினிக்குப் போன் போட்டேன், இத்தனை நாளில் முதல்தடவையாக. "நீங்க சொல்லி அனுப்புனீங்களா?" என்று கேட்டேன். "ஏம்மா, குர்ஆன் மேல சத்தியமா நான் வாயத் தொறக்கல கமரு. ஒனக்குப் பயந்துகிட்டு ஒம் பேரக்கூட நான் வீட்டுல எடுக்குறதில்ல" என்று அழுதார். அப்படியானால் யாரும் சொல்லவில்லை. நாற்காலியிலிருந்து நீங்களாக எழுந்திருக்கிறீர்கள். செருப்பை நீங்களாக மாட்டியிருக்கிறீர்கள். பஸ் ஸ்டாண்டு வரை நீங்களாக நடந்திருக்கிறீர்கள்.

இந்தச் சந்தோஷம் ஒரு மணிநேரம்கூட நிலைக்கவில்லை. மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்களே. எழுந்து நடந்தது நீங்களா, மாத்திரையா? அது எறும்பு மாதிரி ஊர்ந்ததால் எங்கேயாவது போகவேண்டியிருந்தது, தோன்றிய இடம் ஆயக்குடி, அவ்வளவுதானா? அப்படியென்றால் நாளைக்கு மாத்திரையை நிறுத்தினால் நானும் நின்றுவிடுவேனா?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. பதினேழாம் தேதி ஜமாஅத்தில் உங்களைக் கேட்பார்கள். பிரியச் சம்மதமா என்று கேட்பார்கள், மரியாதையாகத்தான் கேட்பார்கள். கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்கும் தெரியும், பக்ருதீனுக்கும் தெரியும். டீ வேணுமா என்றால் வேணும் என்கிற அதே வாயால் சொல்வீர்கள். அங்கே ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது.

மாத்திரையா நீங்களா, அதற்குப் பதில் எழுதுங்கள்.

கமரு


பேகம்பூர்
13.1.2025

கமருக்கு,

தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தேன். கொய்யாப்பழம் வாங்க வந்த காலத்தில் என்னைக் கிளப்பியது எது என்று நீ கேட்டிருந்தாய். அதுவும் தெரியவில்லை. அப்போது மாத்திரை போடவில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று உள்ளே ஊறிக்கொண்டுதான் இருந்திருக்கும். அதை நான் ஊற்றவில்லை. அதற்குப் பெயர் நான் என்று அப்போது வைத்திருந்தோம்.

ஜமாஅத்தில் இருந்து ஆள் வந்தார்கள். வரச் சொன்னார்கள். வருகிறேன் என்றேன். ஹக்கீம் மச்சான் கூட்டிவருவார்.

ஹஸ்ஸான்


ஆயக்குடி
18.1.2025

மச்சானுக்கு,

நேற்று நடந்ததை நீங்கள் பள்ளிவாசலில் ஆண்கள் பக்கம் இருந்து பார்த்தீர்கள். நான் திரைக்குப் பின்னால் பெண்களோடு இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

திரை விலகிய இடைவெளியில் உங்கள் முதுகும் பிடரியும் மட்டும் தெரிந்தன. மெலிந்துவிட்டீர்கள். சட்டைக் காலர் உள்பக்கம் மடிந்து கிடந்தது. கை தானாக நீண்டது, சரிசெய்ய. குர்ஷித் பேகம் மாமி என் தொடையில் தட்டி, "ஒழுங்கா உக்காரு" என்றார்.

எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் நல்ல மனிதர். சுற்றி வளைக்காமல் கேட்டார். "ஹஸ்ஸான், இந்தப் பொண்ணு ஒங்களோட வாழ முடியாதுன்னு அவங்க வீட்டுல சொல்றாங்க. பிரிஞ்சு போக ஒங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்" என்றீர்கள்.

வருமென்று தெரியும். எழுதியும் இருந்தேன். ஆனாலும் காதில் விழுந்தபோது முக்காட்டு நுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். பக்ருதீன் காகிதத்தை எடுத்து விரிக்கிற சத்தம் கேட்டது. அப்போது என்ன பிடித்ததோ, எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் செய்யாததைச் செய்தேன். எழுந்து திரைக்கு இந்தப் பக்கமிருந்தே கத்தினேன். "மச்சான்! என்னோட சேர்ந்து வாழச் சம்மதமா?"

"சம்மதம்" என்றீர்கள், அதே குரலில்.

யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், ஹக்கீம் அண்ணன்கூடச் சிரித்துவிட்டார். பக்ருதீன் மட்டும் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஹஜ்ரத் சிரிக்கவில்லை. "சரிம்மா, இவர்கிட்ட கேட்டுப் பிரயோஜனம் இல்ல. நீ சொல்லு. ஒனக்கு என்ன வேணும்?" என்றார்.

மச்சான், எனக்கு வாய் வரவில்லை. ஊரையே விலைபேசுகிற வாய் இது. உங்களோடு வருகிறேன் என்று சொல்லவேண்டும் போல இருந்தது. அது இருந்தபடியே இருந்தது. போனால் நாளையிலிருந்து எழுந்திருங்கள், பல் தேயுங்கள், சாப்பிடுங்கள் என்று மறுபடி ஆரம்பிக்கவேண்டும், சாகும்வரை நான்தான் சொல்லிக்கொண்டிருக்கவேண்டும் என்று ஒரு பக்கம். இந்த மடிந்த காலரை வேறு யார் சரிசெய்வார்கள் என்று ஒரு பக்கம். இரண்டும் ஒரே பலத்தில் இழுத்தன. யாராவது என்னைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளிவிடமாட்டார்களா என்று இருந்தது. நின்றுகொண்டே இருந்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். நீங்களும் முதுகைக் காட்டிக்கொண்டு காத்திருந்தீர்கள்.

ஹஜ்ரத் அடுத்த ஜும்மா வரைக்கும் எனக்குத் தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் நான் சொல்லிவிடவேண்டும், அப்புறம் மறுபேச்சு இல்லை.

ராத்திரி பூராவும் கூடத்திலேயே நடந்தேன். கொல்லையில் விழுந்து கிடந்த என்னைப் பார்த்துக்கொண்டு நீங்கள் எப்படி உட்கார்ந்திருந்தீர்கள் என்று இப்போது கொஞ்சம் புரிகிறது. புரிந்ததால் கோபம் தீரவில்லை. உங்களைக் கோபிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் என்னை இப்படிச் சுற்றவிட்டிருக்கிறீர்களே என்று இன்னும் கூடத்தான் செய்கிறது.

இதற்குப் பதில் எழுதவேண்டாம். நான் எழுதச் சொல்லி நீங்கள் எழுதியதெல்லாம் போதும். என் பதிலை நானே தேடிக்கொள்கிறேன்.

கமரு


பேகம்பூர்
21.1.2025

கமருக்கு,

பதில் எழுதவேண்டாம் என்று எழுதியிருந்தாய். எழுதுகிறேன்.

கடிதம் நேற்று வந்தது. படித்து மடித்துப் பையில் வைத்தேன். சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டேன். படுக்கச் சொன்னார்கள், படுத்தேன். இந்தத் தடவை அது பையிலேயே இருக்கவில்லை. படுத்தால் நெஞ்சில் குத்தியது. காகிதம் எப்படிக் குத்தும் என்று எடுத்துப் பார்த்தேன். மறுபடி வைத்தேன். காலையில் கடைக்குப் போகாமல் பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டேன். அலமாரியில் இல்லை. அக்காவின் கைப்பையில் இல்லை. பக்கத்துப் பெட்டிக்கடை அழகரிடம் கேட்டு வாங்கிவந்தேன். கேட்டது நான். அவர் என்னைக் கூப்பிடவில்லை.

எழுத உட்கார்ந்தபோது அக்கா வந்து, "என்னடா எழுதுற? யாருக்கு?" என்றார். நான் சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்டார். அப்போதும் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொல்லாமல் இருந்தது எப்படி என்று தெரியவில்லை, இருந்தேன். அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மாத்திரையா என்று கேட்பாய். காலையில் போட்டேன். அது எழுதுகிறதா நான் எழுதுகிறேனா என்று நிறுத்துப் பார்க்க என்னிடம் தராசு இல்லை. அது எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டும், அதற்கும் உன்னைத்தான் தேடுகிறது போலிருக்கிறது.

ஜமாஅத்தில் நான் இரண்டு தடவை சம்மதம் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டும் ஒரே குரல் என்று நீயும் எழுதியிருக்கிறாய். குரல் ஒன்றுதான். முதல் தடவை சொன்னபோது கேட்டவரின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். இரண்டாவது தடவை முகம் இல்லை, முதுகுக்குப் பின்னால் திரைதான் இருந்தது. சொல்லி முடித்த பிறகும் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவேண்டும் என்று கழுத்து வலித்தது. திரும்பவில்லை. திரும்பியிருக்கவேண்டும். இதைச் சொல்லத்தான் பேனா தேடினேன் என்று நினைக்கிறேன். இல்லை, இதற்காக மட்டும் இல்லை. என்னவோ வருகிறது, வந்து நிற்காமல் போகிறது, அதற்குள் எழுதிவிடுகிறேன்.

வருத்தம் இல்லை என்று முதல் கடிதத்தில் எழுதினேன். இப்போது இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. நீ கிடந்த இடத்தை இன்று காலையில் பார்த்தேன், கொல்லையில் நிற்க முடியவில்லை. இது நல்லதா கெட்டதா என்று டாக்டரைக் கேட்கவேண்டும்.

உங்கள் வீட்டு வழக்கப்படி நான் வந்து கூப்பிடவேண்டும். வந்தால் பஸ் ஸ்டாண்டில் எந்தக் கண்டக்டருக்குச் சத்தம் அதிகமோ அவரோடு போய்விடுவேன். குஜிலியம்பாறையில் போய் யார் பையையாவது பிடித்துக்கொண்டு நிற்பேன். அதற்குள் ஜும்மா வந்துவிடும். அதனால் நான் வரப்போவதில்லை. உன்னை ஒருபோதும் நான் எதுவும் செய்யச் சொன்னதில்லை, எல்லாம் நீதான் சொல்வாய். ஜமாஅத்தில் நீ நின்றுகொண்டே இருந்தாய் என்று எழுதியிருக்கிறாய். யாராவது தள்ளிவிடமாட்டார்களா என்று இருந்தது என்று எழுதியிருக்கிறாய். யோசித்துப் பார்த்தால் அதைச் சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை.

ஆகையால் சொல்கிறேன். ஹஜ்ரத்திடம் போ. வாழப்போகிறேன் என்று சொல். பையில் துணியை வை. கட்டுப் போட்ட கையால் தூக்காதே. திண்டுக்கல் பஸ்ஸில் ஏறு, ஜன்னல் ஓரமாக உட்கார். எனக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதே.

கமரு, வா.

ஹஸ்ஸான்